பின்சீட்டுக்கு வரும் புகை

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. குடும்பத்தோடு காரில் ஏறினால் பத்தாவது வளைவைத் தாண்டும் முன்பே பின்சீட்டில் யாராவது ஒருவர் "தலை சுத்துது" என்பார். எலுமிச்சம்பழம் கை மாறும். பிளாஸ்டிக் பை தேடப்படும். அடிவாரத்தில் அவசர அவசரமாக இட்லி சாப்பிட்டதுதான் தப்பு என்று பாட்டி தீர்ப்புச் சொல்வார். வளைவின் மேல் பழி போடுவோம், வயிற்றின் மேல் போடுவோம், இட்லியையும் விட மாட்டோம். வண்டியை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பெரும்பாலான நேரம் வண்டி மேல் தப்பு இல்லைதான். மலைப்பாதையில் வாந்தி வருவது கண்ணும் உள்காதும் ஒன்றுக்கொன்று முரணாகச் செய்தி அனுப்புவதால். ஆனால் சில வண்டிகளில் கதை வேறு. நேரான நாற்கரச் சாலையிலும் தலை வலிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வலிக்கும். டீக்கடையில் இறங்கிக் காற்றாட நின்றால் தெளியும். மறுபடி ஏறி உட்கார்ந்தால் திரும்ப வரும். காய்ச்சல் இருக்காது. மாமா காரில் போனால் ஒன்றும் ஆகாது. நம் காரில் போனால்தான் ஆகும்.

அப்போது பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்பாகத்தை. எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் சைலன்ஸர் பாதையில் எங்கோ ஒரு கசிவு இருக்கிறது. கசிந்த புகை உள்ளே வர பாடியில் எங்கோ ஒரு வழி இருக்கிறது. ஆக இரண்டு ஓட்டைகள். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதல் ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்புகிறார்கள். இரண்டாவதைத் தேடச் சொல்லி யாரும் கேட்பதில்லை; கேட்காத வேலையை எந்த மெக்கானிக்கும் செய்வதில்லை.

ஓரங்கட்டப்பட்ட 400 ரோந்து வண்டிகள்

இரண்டாவது ஓட்டை எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினின் காவல்துறை தன்னிடமிருந்த சுமார் 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகளை மொத்தமாக ஓரங்கட்டியது. ரோந்தில் இருந்த காவலர்களுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம். சிலருடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இருந்தது.

எக்ஸ்ப்ளோரர் அடிப்படையில் குடும்ப வண்டி. மூன்று வரிசை இருக்கை, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு. பள்ளிக்கும் சந்தைக்கும் சுற்றுலாவுக்கும் அமெரிக்க நடுத்தர வர்க்கம் ஓட்டும் வண்டியின் போலீஸ் பதிப்புதான் ஆஸ்டினில் ஓடியது. வண்டிக்குள் புகை வாடை வருகிறது என்று குடும்பங்கள் அதற்கு முன்பே புகார் கொடுத்திருந்தன. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2016 ஜூலையிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் விஷயம் தலைப்புச் செய்தியானது போலீஸ் வழியாகத்தான். என் கணிப்பு இது: குடும்பம் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிவிடும், தலைவலி ஒரு காபியோடு போய்விடும். காவலர் ஷிஃப்ட் முழுக்க எஞ்சினை ஓடவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

2017-ல் விசாரணை விரிந்து 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் என்று ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில் ஃபோர்டு நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. வண்டிகளைத் திரும்பப் பெறும் 'ரீகால்' ஆக அதை அறிவிக்கவில்லை. வாடிக்கையாளர் சேவை என்றே சொன்னது. அதில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். ஏ.சி.யின் மென்பொருளை மாற்றினார்கள். பின்கதவின் அடியில் தண்ணீர் வடியும் வால்வுகளை மாற்றினார்கள். பின்பக்க இடைவெளிகள் சரியாக அடைபட்டிருக்கின்றனவா என்று பார்த்தார்கள்.

சைலன்ஸர் புகாருக்கு ஏன் ஏ.சி.யில் கை வைக்க வேண்டும்? ஏ.சி.யை 'ரீசர்குலேஷன்' நிலையில் வைத்தால் வெளிக்காற்று உள்ளே வராது. உள்ளிருக்கும் காற்றே சுற்றும். அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்து ஓட்டும்போது உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறையலாம். பெட்டி போன்ற பின்பக்கம் கொண்ட வண்டி வேகமாக ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று தங்கும். சைலன்ஸர் கக்குவதும் அங்கேதான். உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே புகை, நடுவில் ஒரு இடுக்கு. உறிஞ்சுகுழல் வைத்த இளநீர் மாதிரி வேலை நடக்கும். வெளிக்காற்றை உள்ளே எடுக்கும்படி ஏ.சி.யை மாற்றினால் உள்ளழுத்தம் கூடி, புகை வெளியிலேயே நிற்கும்.

6,000-க்கும் மேற்பட்ட புகார்களைப் பார்த்துவிட்டு 2023 ஜனவரியில் என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணையை முடித்தது. சாதாரண நிலையில் உள்ள வண்டிகளில் ஆபத்தான அளவு வாயு இல்லை என்றது. அதிக அளவு பதிவான வண்டிகளில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, பின்னால் மோதி வாங்கிய விபத்துச் சேதம் சரியாக மூடப்படாதது. இன்னொன்று, போலீஸ் விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் ஒயர் இழுக்கப் போட்ட ஓட்டைகள் அடைக்கப்படாதது. முடிவில் திருப்தி அடையாதவர்கள் அங்கே நிறைய. ஆனால் நம் ஊர் வாசகருக்கு அந்தக் கடைசி இரண்டு காரணங்களும் ரொம்பப் பழகியவை. பம்பர் இடிபட்டால் டிங்கரிங் கடை. ரிவர்ஸ் கேமரா, சப்வூஃபர், டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் என்றால் ஆக்சஸரீஸ் கடை. ட்ரில் போடுகிறவர்கள் எல்லோரும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் மாட்டுகிறார்களா என்று நம்மில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சட்டப்படி சரியான விஷம்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. காற்றைவிட மிகச் சற்றே லேசானது என்பதால் மேலே போகாது, கீழே தங்காது. அறை முழுக்கச் சமமாகக் கலந்துவிடும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேலான வேட்கையோடு பிடித்துக்கொள்ளும். பிடித்தால் எளிதில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும், ஏறிய அளவு பாதியாகக் குறைய நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும்.

நமக்கு மூக்கில் ஏறும் 'புகை வாடை' இந்த வாயு அல்ல. எரியாத பெட்ரோல், கந்தகச் சேர்மங்கள், எண்ணெய்ப் புகை ஆகியவற்றின் வாடை அது. வாடை வந்தால் வாயுவும் வந்திருக்கலாம். வாடை வரவில்லை என்றால் வாயு வரவில்லை என்று பொருள் கிடையாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் வாடை குறைந்திருக்கும். ஆனால் அந்தக் கன்வெர்ட்டர் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் வரும் புகையே மோசமானது. அந்த நேரத்தில்தான் போர்ட்டிகோவில் வண்டியை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, குழந்தைகளை ஏற்றி, வாட்டர் பாட்டிலை மறந்துவிட்டு உள்ளே போவோம்.

பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதே என்று கேட்கலாம். பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அனுமதிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம். காகிதத்தில் சின்ன எண். அதையே பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று மாற்றினால் 3,000 பி.பி.எம். ஒரு அறைக் காற்றில் 800 பி.பி.எம். இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்தில் நினைவிழப்பும் வரும். 1,600 இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிரே போகும். சோதனையில் தேறிய வண்டியின் புகையே இந்தக் கணக்கு. 2000-க்கு முந்தைய பழைய கார்களுக்கு வரம்பு 3 சதவீதம், அதாவது 30,000 பி.பி.எம். அந்தச் சான்றிதழ் ஊர்க் காற்றுக்காக ஏற்பட்டது. சைலன்ஸர் வாயில் குழாயைச் செருகி அளப்பதோடு அதன் வேலை முடிந்தது. நடுவழியில் எங்கே கசிகிறது என்று அது பார்ப்பதில்லை. சொல்லப்போனால் வழியில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்தால் வாயில் அளக்கும் எண் குறைந்துகூடக் காட்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். பாதி உண்மைதான், டீசல் எஞ்சின் தாராளமான காற்றில் எரிப்பதால் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. மற்றபடி நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அதில் அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது.

குழந்தைகள் விஷயத்தில் தனியாகக் கவலைப்பட வேண்டும். உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் மூச்சு பெரியவர்களைவிட அதிகம். வயிற்றில் இருக்கும் சிசுவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்; தாய் தெளிந்த பிறகும் சிசுவுக்குத் தெளியாது. அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஆய்விதழில் 1992-ல் வந்த ஒரு கட்டுரை பிக்-அப் வண்டிகளின் பின்பக்கத்தில் பயணித்து இந்த விஷத்துக்கு ஆளான 20 குழந்தைகளைப் பற்றியது. மூடிய கூண்டுக்குள்ளோ தார்ப்பாயின் அடியிலோ உட்கார்ந்து போனவர்கள். முன்னால் கேபினில் இருந்த பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பின்னால் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். ஒரு குழந்தை இறந்தது. அந்தக் கட்டுரையில் என்னை உறுத்திய வரி வேறு. அத்தனை வண்டிகளிலும் சைலன்ஸர் வாய் பின்னோக்கித் திறந்திருந்தது, அல்லது கசிவு இருப்பது வீட்டாருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

காதுகுத்துக்கும் குலதெய்வப் பொங்கலுக்கும் குட்டியானையில் தார்ப்பாய் கட்டி ஆட்களை ஏற்றிப் போகும் நம் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம் என்பது விபத்துக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

எங்கே கசியும்?

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பாதி வேலையைப் பார்த்துவிடலாம். காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து காது கொடுங்கள். 'டிக் டிக்' என்று ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வேகமெடுக்கும் சத்தம் எஞ்சினை ஒட்டி வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மறைந்தால் மேனிஃபோல்டில் விரிசல், அல்லது அதன் பேக்கிங் போயிருக்கிறது. சூடானதும் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்ளும். அதனால்தான் மத்தியானம் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டும்போது மெக்கானிக்குக் கேட்காது. சந்தேகம் இருந்தால் வண்டியை முந்தின நாள் இரவே அங்கே விட்டுவிட வேண்டும்.

இந்த இடத்துக் கசிவுதான் எல்லாவற்றிலும் கெட்டது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதால் சுத்தம் செய்யப்படாத பச்சைப் புகை. அதோடு, ஏ.சி.க்கு வெளிக்காற்று எடுக்கும் வழி விண்ட்ஷீல்டின் அடியில், பானட்டின் பின்விளிம்பில் இருக்கிறது. எஞ்சின் அறையில் கசிந்த புகை சிக்னலில் நிற்கும்போது நேராக அதற்குள் போகும். டீசல் வண்டிகளில் இதே இடத்தில் இன்னொரு குற்றவாளி உண்டு: இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர். அது போனால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படியும், 'சுஃப் சுஃப்' என்று சத்தம் வரும். வாஷர் விலை அற்பம். அதைச் சும்மா விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றும் கூலி அற்பமாக இருக்காது.

மேனிஃபோல்டைத் தாண்டினால் அதிர்வைத் தாங்குவதற்காக வைத்த, வலைபோல் பின்னிய ஃபிளெக்சிபிள் குழாய். ஸ்பீடு பிரேக்கரில் அடிவாங்கிக் கிழிவது இதுதான். அடுத்து ஜாயின்ட்டுகள். கடைசியில் சைலன்ஸர் டப்பா. கசிகிற இடத்தைச் சுற்றிக் கரி பூசியிருக்கும். அதைத் தேடினால் போதும். சைலன்ஸர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது சூட்டில் வெளியேறிவிடும். மார்க்கெட், கோயில், டியூஷன் என்று இரண்டு கிலோமீட்டருக்குள் சுற்றும் வண்டியில் தண்ணீர் டப்பாவுக்குள்ளேயே தங்கி அரிக்கும். குறைவாக ஓடிய வண்டி என்று பெருமைப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சென்னையின் உப்புக்காற்று வெளியிலிருந்து தன் பங்கைச் செய்யும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் நின்ற கார்கள் எத்தனை ஊர்களுக்குக் கைமாறிப் போயிருக்கின்றனவோ.

சைலன்ஸர் டப்பாவின் அடியில் குண்டூசி அளவுக்கு ஒரு துளை இருந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பதற வேண்டாம். பல டப்பாக்களில் தண்ணீர் வடிய நிறுவனமே போட்டது.

லிஃப்ட்டில் ஏற்றிய பிறகு மெக்கானிக் செய்யும் சோதனை எளிமையானது. குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, சைலன்ஸர் வாயை ஈரத்துணியால் சில நொடிகள் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். கசிகிற இடம் சீறும். ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை குமிழும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுச் செய்கிற வேலை இது. வீட்டு கேரேஜில் முயல வேண்டாம். கண்ட இடத்தில் எம்-சீல் அப்பி அனுப்புவது சில நாள் கூத்து. சூடு ஏறினால் உதிர்ந்துவிடும். சைலன்ஸர் டப்பாவில் சிறிய ஓட்டை என்றால் கேஸ் வெல்டிங் தாங்கும்; தகடே காகிதமாக மெலிந்திருந்தால் வெல்டிங் வைக்க இடம் இருக்காது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பழைய குழாயின் நீளம் இருக்கட்டும். பின்பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய வாயை அழகுக்காக வெட்டி வண்டிக்கு அடியிலேயே முடித்தால் காசு கொடுத்து வாங்கிய கசிவு அது.

எப்படி நுழையும்?

இனி இரண்டாவது ஓட்டை. இதற்குப் பட்டறையில் பொறுமை கிடையாது. நீங்கள்தான் உடன் நின்று பார்க்க வேண்டும்.

டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங்கில் தொடங்குங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்றும் வரும். சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிப் பார்க்கலாம். மழையில் டிக்கி நனைகிறது என்றால் சோதனையே தேவையில்லை. தண்ணீர் வரும் வழியில் புகையும் வரும். டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அதில் ரப்பர் மூடிகள் இருக்க வேண்டும். இருட்டில் உள்ளே டார்ச் போட்டு, வெளியே குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் கணக்கு.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒன்று பின்பம்பருக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் உள்காற்று வெளியேற அங்கே சிறு ஜன்னல் போன்ற துவாரங்கள் ('வென்ட்') உண்டு; அவற்றில் மெல்லிய ரப்பர் இதழ்கள். கதவைச் சாத்தும்போது காது அடைக்காமல் இருப்பதும், ஏ.சி. காற்று சுழல்வதும் இவற்றால்தான். இதழ்கள் காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. பின்னால் இடிபட்ட வண்டியில் இவை உடைந்திருக்கும். டிங்கரிங் கடையில் தகட்டை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று கொடுப்பார்கள். உள்ளே இதழ் இல்லாத துவாரம், சைலன்ஸர் வாய்க்கு ஓர் அடி தள்ளி, வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியவை கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர், கிளட்ச் கேபிளும் ஒயர்களும் தகட்டைத் துளைத்து வரும் இடங்கள். ஆம்னியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984-ல் வந்து 2019 வரை ஓடிய அந்த வேனில் தமிழ்நாட்டின் எத்தனை குடும்பங்கள், எத்தனை பள்ளிக் குழந்தைகள்! எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். ஒவ்வொரு சர்வீஸுக்கும் சீட்டைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். திறந்து திறந்து பீடிங் நைந்துபோகும். பள்ளி வேனாக ஓடும் வண்டிகளில் பெற்றோர் ஒருமுறை முன்சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

இங்கே ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகளே வந்தன. தரையில் ஓட்டை என்பது நமக்கு வெறும் கற்பனை அல்ல. குழந்தை விழும் அளவு ஓட்டை செய்தியாகிறது. விரல் நுழையும் ஓட்டையைக் காலடி மேட் மறைத்துவிடுகிறது.

வழியில் வாடை வந்தால்

ஓடும் வண்டியில் வாடை வந்ததும் நாம் செய்கிறவை பெரும்பாலும் தலைகீழானவை. முன்னால் போகும் லாரியின் புகை என்று நினைத்து ரீசர்குலேஷனைப் போடுவோம். லாரியின் புகை என்றால் அது சரி. லாரி விலகிய பிறகும் வாடை நின்றால், நம் புகையை நாமே உள்ளே அடைத்து வைத்திருக்கிறோம். பின்ஜன்னலை மட்டும் இறக்குவது, நீளமான சாமான் வைத்து டிக்கிக் கதவைக் கயிற்றால் பாதி கட்டி ஓட்டுவது இரண்டும் பின்னாலிருந்து புகையை இழுக்கும். கட்டில் மெத்தை ஏற்றிய வண்டியில் பிள்ளைகளையும் பின்னால் ஏற்றாதீர்கள்.

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்க வேண்டும். பட்டறை வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் டிரைவர் மட்டும், முன்ஜன்னல்களை முழுக்க இறக்கி, வெளிக்காற்று நிலையில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, மெதுவாக. குடும்பம் பஸ்ஸில் வரட்டும்.

எல்லா வாடையும் இதுவல்ல. டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து ஆயில் சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் கருகல் வாடை. மலை இறங்கும்போது பிரேக்கும் ஏறும்போது கிளட்சும் தீய்ந்த வாடை தரும். இனிப்பாக ஒரு வாடை வந்தால் கூலன்ட். அழுகிய முட்டை என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கம் பாருங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் மூக்கை வைத்தே பாதி சொல்லிவிடுவார்.

நின்றுகொண்டிருக்கும் வண்டி இன்னும் மோசம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது, கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அதை உறுதிசெய்தார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைநகரில் பனியில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்தார்கள். குளிரோடு, பனி மூடிய சைலன்ஸர்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. சபரிமலை சீசனிலும் திருப்பதி வரிசையிலும் ஏ.சி.யை ஓடவிட்டு ஜன்னலை ஏற்றிவிட்டு வேனில் தூங்கும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஜன்னலை விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். கொசு கடித்தால் கடிக்கட்டும்.

மருத்துவமனைக்குப் போகும்படி ஆனால் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: வண்டிக்குள் புகை வந்தது, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி இருக்கிறது. சொல்லாவிட்டால் ஃபுட் பாய்சன் என்றோ வைரஸ் என்றோ போய்விடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று சிரித்த முகமாகக் காட்டும். ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிகிச்சை ஆக்சிஜன்தான். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால், நான்கைந்து மணி நேரத்தில் பாதியாக வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகும், சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, எரிச்சல், நடை தடுமாற்றம் என்று சிலருக்குத் தலைகாட்டும். அப்போது பழைய புகையை மருத்துவரிடம் மறக்காமல் நினைவுபடுத்துங்கள்.

பதினைந்து ஆண்டு இடைவெளி

வாடகை வண்டிக்கு எஃப்.சி. உண்டு. பள்ளி வண்டியை ஆண்டுதோறும் ஆர்.டி.ஓ. பார்க்கிறார். சொந்தக் காரை, முதல் பதிவுக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை அரசு சார்பில் யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. இடையில் இருப்பது புகைச் சான்று மட்டும். அது எதைப் பார்க்காது என்று மேலே சொல்லிவிட்டேன். சான்று கொடுக்கும் மையத்திலேயே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் குழாய்ப் பாதையை ஒருமுறை பார்க்க விதி வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. அதுவரை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் 'சைலன்ஸர் லைன், டிக்கி பீடிங், பின் வென்ட் பார்க்கவும்' என்று எழுதச் சொல்வது நம் பொறுப்பு. எழுதினால்தான் பார்ப்பார்கள்.

கார்பன் மோனாக்சைடு அளக்கும் கையடக்கக் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. வீட்டுச் சுவரில் மாட்டும் வகை காருக்கு உதவாது. 70 பி.பி.எம். அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் கத்தும்படி அவை அமைக்கப்பட்டவை. திரையில் எண்ணாகக் காட்டும் வகை வேண்டும். அதைப் பின்சீட்டில் வைத்து, நெரிசல் இல்லாத திறந்த சாலையில் ஓட்டினால் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். எட்டு மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு 9 பி.பி.எம். அளவில்தான். காலிச் சாலையில் அதைத் தாண்டி நின்றால் பட்டறைக்குத் திரும்புங்கள். ரிப்பேர் முடிந்து வண்டியை எடுக்கும்போதும் இதே சோதனை: முன்பு தலை வலித்த அதே பாதை, அதே வேகம், ஏ.சி. ஒரு சுற்று ரீசர்குலேஷனில், ஒரு சுற்று வெளிக்காற்றில்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், பின்பம்பரின் கிளிப்புகள் மாற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள், வண்டியின் அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நானே வந்து ஸ்டார்ட் செய்வேன் என்று சொல்லிவைத்துவிட்டுக் காலையில் போங்கள். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். இன்னொரு நாள், இன்னும் சீக்கிரமாகப் போங்கள்.